பழைய காரின் விலை என்ன? வன்னியில் விற்போரும் வாங்குவோரும் அறியவேண்டியவை

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைக் கடந்து சென்ற ஒரு பயணத்தின்போது, தென்னைகளுக்கு நடுவே அமைந்த ஒரு வளவில் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்றைக் கண்டு நாம் இறங்கினோம். சில்லுகள் இல்லை. செங்கட்டிகளின் மேல் நின்றது. வீட்டுக்காரரான முதிய தாய், பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் முதல்நாள் வந்து கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுச் சென்றதாகக் கூறினார். அவருடைய கணவர் ஒரு காலத்தில் கலியாணங்களுக்கும் ஆஸ்பத்திரிப் பயணங்களுக்கும் வாடகைக்கு ஓடிய கார் அது. 2009 இன் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தபோது அதை அங்கேயே விட்டுச் சென்றார்கள். மீளக் குடியேற வந்தபோது சில்லுகளும் பற்றரியும் போயிருந்தன, கார் நின்றது. "தம்பி, இதுக்கு என்ன விலை சொல்லலாம்?" என்று அவர் எம்மிடம் கேட்டார்.

அன்று எம்மால் உடனே பதில் கூற முடியவில்லை. விடயமறிந்த மெக்கானிக்குகளிடமும் உதிரிப்பாக வியாபாரிகளிடமும் பழைய வாகனங்களைப் பேணுவோரிடமும் கேட்டுத் தெளிந்தவற்றை இங்கு தொகுத்துத் தருகின்றோம். இது அத்தாய்க்கு மாத்திரம் உரிய பதிலன்று. வன்னியில் இவ்வாறான வாகனம் ஒன்றை வைத்திருப்போர், வாங்க விரும்புவோர், ஒரு காலத்தில் வைத்திருந்து இழந்தோர் ஆகிய அனைவருக்கும் உரியது.

எவ்வாறு வந்தன, எவ்வாறு நிலைத்தன?

வடபகுதியின் பழைய வாகனங்கள் என்றதும் எம்மவரின் நினைவுக்கு வருபவை ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்களே. அவற்றுக்கு முன்னரே அமெரிக்க வாகனங்கள் இங்கு வந்துவிட்டன. செவர்லே, போர்ட் ஆகிய நிறுவனங்கள் பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கான வலப்பக்கச் சுக்கான் கொண்ட வாகனங்களைக் கனடாவில் தயாரித்து அனுப்பின. வடக்கில் சந்தை வியாபாரிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச்சென்ற தட்டிவான், இத்தகைய பழைய லொறிச் செசிகளின் மேல் எமது தச்சர்கள் மரத்தாற் கட்டிய வாகனமாகும். பெட்போர்ட் லொறி கூட அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான வொக்ஸ்ஹோல் கம்பனி, செவர்லே லொறியின் வடிவத்தைத் தழுவி 1931 இல் வெளியிட்டதே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, நாட்டில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓடவேண்டியிருந்தது. தெற்கில் அதன் பின்னர் யப்பானிய வாகனங்கள் பெருகின. வடக்கிலோ 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் எரிபொருள், பற்றரி, ரயர், வாகன உதிரிப்பாகங்கள் ஆகியன தடைப்பட்டியலில் சேர்ந்தன. அக்காலத்தில் புதிய வாகனங்கள் முடங்கிக் கிடக்க, பழைய ஏ-40 களும் கேம்பிரிட்ஜ்களும் வீதியில் ஓடின.

இதற்குக் காரணம் எளிது. இவற்றின் இயந்திரங்கள் குறைந்த அமுக்க விகிதம் கொண்டவை. சிறிதளவு பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் ஓடும். புகை கக்கும், பிளக் கரிபிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆயினும் நோயாளி ஆஸ்பத்திரியைச் சென்றடைவார். வன்னியின் பழைய கார்களை மதிப்பிடுவோர் இந்த வரலாற்றை மறக்கக்கூடாது. மண்ணெண்ணெயில் ஆண்டுக்கணக்கில் ஓடிய இயந்திரத்தின் பிஸ்டன், றிங், பெயாரிங் ஆகியன தேய்ந்திருக்கும் என்று எண்ணியே விலை பேசவேண்டும்.

அமெரிக்காவின் பொருளாதாரத் தடைக்கு உட்பட்ட கியூபாவிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு 1950களின் அமெரிக்கக் கார்கள் சோவியத் நாட்டு இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டு இன்றளவும் ஓடுகின்றன. தடை ஒரு மக்களை வருத்தும். அதே தடை அவர்களுடைய கைத்திறனையும் கூர்மையாக்கும் என்பதற்கு ஹவானாவும் வன்னியும் சான்றுகளாகும்.

ஒரு காருக்கு நான்கு விலைகள்

பழைய கார் ஒன்றுக்கு விலை ஒன்றல்ல, நான்கு என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இரும்பு விலை. மொரிஸ் மைனர் ஒன்றின் எடை ஏறக்குறைய முக்கால் தொன். ஏ-40 ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அதனை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் வருவதே இத்தொகை. இதற்குக் கீழ் எந்தக் காரும் போவதில்லை.

இரண்டாவது, உதிரி விலை. ஒரு கார் இனி ஓடாது என்றாலும் அதன் கியர்பொக்ஸ், டைனமோ, காபரேட்டர், கதவுகள், விளக்கு வளையங்கள், பம்பர்கள், மீற்றர் பலகை, இலச்சினைகள் என்பன இன்னொரு காருக்கு உயிர்கொடுக்கும். இவற்றைத் தனித்தனியே கணக்கிட்டால் இரும்பு விலையைப் பன்மடங்கு தாண்டும்.

மூன்றாவது, ஓடும் விலை. ஆவணங்கள் சீராக, வீதியில் ஓடக்கூடிய நிலையில் இருக்கும் காருக்குரியது. இதனைக் கணிக்க எளிய வழியொன்றுண்டு. அதே ரகத்தில் நன்கு ஓடும் கார் என்ன விலைக்குப் போகின்றது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். உங்கள் காரை அந்நிலைக்குக் கொண்டுவர ரிங்கரிங், பெயின்ற், இயந்திரம், ரயர், இருக்கை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை அதிலிருந்து கழியுங்கள். பழைய வாகனத்தில் எதிர்பாராத செலவு எப்போதும் உண்டென்பதால், அச்செலவில் மூன்றிலொரு பங்கை மேலும் கழியுங்கள். எஞ்சுவதே வாங்குபவர் நியாயமாகக் கொடுக்கக்கூடிய தொகையாகும்.

நான்காவது, மரபு விலை. தொழிற்சாலையில் பூட்டப்பட்ட அதே இயந்திரம், அதே செசி, அதே உட்பாகங்கள் மாறாதிருக்கும் கார்களைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். அமெரிக்காவில் பழைய கார் ஒன்றை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் தயாரிப்பின்போது இருந்தவைதானா என்பதையே. இங்கும் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்கள் வாகனத்தில் உள்ளவற்றுடன் பொருந்தினால் அதன் பெறுமதி உயரும். டீசல் இயந்திரம் பூட்டப்பட்ட கார் ஓடுவதற்கு இலாபமானதாக இருக்கலாம். மரபு விலை அதற்குக் கிடைக்காது. விற்கும் எண்ணம் உள்ளவர்கள், கழற்றிய பழைய இயந்திரத்தை எறியாது வைத்திருத்தல் நன்று.

இலக்கத் தகடும் காரின் வயதைச் சொல்லும். 'ஸ்ரீ' எழுத்துத் தொடர் 1950களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வெழுத்துக்கெதிராக எமது பகுதிகளில் நடந்த போராட்டத்தையும் 1958 இல் மூண்ட வன்செயல்களையும் மூத்தோர் அறிவர். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்தின்றி ஆங்கில எழுத்துகளைக் கொண்ட பழைய கார்கள் அதற்கு முன்னர் பதியப்பட்டவை.

தரகர்கள் பலர் வன்னியில் முதலாவது விலைக்கு வாங்கி, கொழும்பில் மூன்றாவது அல்லது நான்காவது விலைக்கு விற்கின்றனர். வியாபாரத்தில் இலாபம் தேடுவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் விற்பவர் அறியாமையால் விற்பது வேறு. அறிந்து விற்பது வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து எல்லா வாகனங்களின் விலைகளும் ஏறின. பத்தாண்டுகளுக்கு முன்னர் கேட்ட விலையை மனதில் வைத்து எவரும் இன்று பேசக்கூடாது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

பெயின்ற் பளபளப்பைப் பார்த்து ஏமாறாது, காரின் அடியைப் பார்க்கவேண்டும். ஏ-40 காருக்குத் தனியான செசி உண்டு. உடற்பகுதி துருப்பிடித்தாலும் செசி உறுதியாக இருந்தால் மீட்கலாம். மொரிஸ் மைனருக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தனிச் செசி கிடையாது. அடித்தகடே அதன் முதுகெலும்பு. அது உக்கியிருந்தால் வேலை பெரிது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் நின்ற கார்களைக் கடற்காற்று அரித்திருக்கும் என்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. தகட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, பூசி மறைத்த பசையே.

மைனர் காரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டு, கிறீஸ் போடாது விட்டால் தேய்ந்து, ஓடும்போதே கழன்று சில்லு சரிந்துவிடும். அதனைத் தூக்கி நிறுத்தி ஆட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. 1947 முதல் 1952 வரை வெளிவந்த ஏ-40 டெவன் ரகத்தில் முன் பிறேக் எண்ணெயாலும் பின் பிறேக் கம்பியாலும் இயங்கும். அதற்கடுத்து வந்த சொமர்செற் ரகத்திலேயே நான்கும் எண்ணெய்ப் பிறேக். இந்த வேறுபாட்டை அறியாத கராஜில் விட்டால் பிறேக் ஒருபோதும் சரிவராது. இக்கார்களின் மின்சுற்றில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை இணைத்துவிட்டால், பின்னர் பூட்டப்பட்ட வானொலி போன்றவை கருகிவிடும்.

உதிரிப்பாகம் எங்கே?

"பாகம் கிடைக்காது" என்பதே பழைய காரை இரும்பாக்கத் தூண்டுவோர் முதலில் சொல்லும் வார்த்தை. அது பெரும்பாலும் உண்மையன்று. ஒரே பாகம் பல கார்களுக்குப் பொருந்தும் என்பதை அறிந்தவனுக்குப் பாகம் கிடைக்கும். அமெரிக்காவில் எந்த வாகனத்தின் பாகம் எதற்குப் பொருந்தும் என்று பட்டியலிடும் ஹொலண்டர் கைநூல் 1934 முதல் வெளிவருகின்றது. எமது மெக்கானிக்குகள் அத்தகைய நூலைத் தமது மனதில் வைத்திருந்தார்கள்.

1952 இல் ஒஸ்ரினும் மொரிசும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அதன் பின்னர் மைனர், ஒஸ்ரின் ஏ-35, மினி ஆகியன ஒரே குடும்ப இயந்திரத்தைக் கொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ் ஏ-55, ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றின் 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரம், இந்தியாவின் அம்பாசடர் காரிலும் பல்லாண்டுகள் பூட்டப்பட்டது. அம்பாசடர் தயாரிப்பு 2014 இல் நின்றபோதும், அதன் பாகங்கள் தமிழகத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் யாழ்ப்பாணத்துக் கேம்பிரிட்ஜுக்கு உரியது அகப்படும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தை இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்கு தலைமுறைகளாகக் கடை நடத்தும் முஸ்லிம் வியாபாரிகளிடம், பெட்டியில் எண்ணெய்க் கடதாசி சுற்றியபடி கிடக்கும் பழைய பாகங்கள் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடத் தேய்ந்த பாகத்தையே கையில் எடுத்துச் சென்று காட்டுதல் சிறந்தது. பிரித்தானியாவில் மைனருக்குரிய பெரும்பாலான பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. 1990களில் பாத் நகரின் மொரிஸ் மைனர் நிலையத்துடன் இணைந்து இலங்கையிலேயே மைனர் பாகங்கள் தயாரிக்கப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. தெற்கிலிருந்து கடல் கடந்து பாகங்கள் சென்ற அதே காலத்தில், ஓமந்தையைத் தாண்டி ஒரு றிங் கொண்டுவருவதும் பெரும்பாடாக இருந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது.

கிடைக்காதவை மிகச் சில. ஏ-40 காரின் ஒடுங்கிய 16 அங்குல ரயர் அவற்றுள் ஒன்று. வளைந்த முன்கண்ணாடி மற்றொன்று. 1956 க்கு முந்திய மைனரின் இரட்டைக் கண்ணாடி தட்டையானது என்பதால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டலாம். புஷ், பின், தண்டு போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். மரைகள் அங்குல அளவின என்பதை மறந்து மில்லிமீற்றர் போல்ற்றை வலிந்து பூட்டினால் மரை அழிந்துவிடும். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் இலங்கையில் நிறுத்தப்பட்டதால், இயந்திரம் திறக்கப்படும்போது வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிக்கொள்வது நீடித்த பயன் தரும்.

புத்தகம் எங்கே?

இவை யாவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அது காரைப் பற்றியதன்று. அதன் பதிவுப் புத்தகத்தைப் பற்றியது.

போர்க்காலத்தில் வன்னி வாகனங்கள் பல, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றப்படாமலே வெறும் எழுத்துத் துண்டுகளில் கைமாறின. 'ஓப்பின் பேப்பர்' என்று நாம் சொல்லும், பெயர் நிரப்பாத படிவங்களில் ஒப்பமிட்டவர் இறந்திருக்கலாம், காணாமற் போயிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது, வாகன இலக்கத்துடன் செசி இலக்கமும் பொருந்தவேண்டியிருந்தது. சீரான ஆவணமில்லாத வாகனத்தின் உண்மையான பெறுமதியைப் பலர் அன்றே உணர்ந்தார்கள். புத்தகமில்லாத கார், எவ்வளவு அழகாக ஓடினாலும், உதிரி விலைக்கு மேல் பெறாது.

இதில் சட்டத்திலும் மேலான கேள்வியொன்றும் அடங்கியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீடு, கடைகளுடன் கார்களையும் லொறிகளையும் விட்டுச் சென்றார்கள். 2009 இல் கிளிநொச்சி தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை தமிழ் மக்கள் தம் வாகனங்களை வழிநெடுகக் கைவிட்டார்கள். அவற்றுட் பல பின்னர் பழைய இரும்பாக வெட்டப்பட்டு லொறிகளில் சென்றன. சில எங்கோ ஒரு வளவில், யாரோ ஒருவரின் கையில் இருக்கின்றன. இடம்பெயர்ந்தோரின் காணி உரிமையை ஆட்சிக்காலச் சட்டத்திலிருந்து காக்க 2016 இல் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அது அசையாச் சொத்துக்கே உரியது. அசையும் சொத்தை இழந்தவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

ஆகவே வாங்குபவரின் மனச்சாட்சியே இங்கு முதற் காவல். செசி இலக்கத்தைத் திணைக்களத்தில் கொடுத்து, பதிவிலுள்ள உரிமையாளர் யார் என்று அறிந்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். அப்பெயர் விற்பவருடையதல்லவெனில், அவரையோ அவர் குடும்பத்தையோ தேடவேண்டும். அவர்கள் புத்தளத்தில் இருக்கலாம், ரொறன்ரோவில் இருக்கலாம். முஸ்லிம் சகோதரர்கள் அமானிதம் என்று கூறுவதும், எமது முன்னோர் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாமை என்று கூறியதும் ஒன்றே. உரியவரைக் கண்டறிந்து, அவருக்கும் ஒரு பங்கைக் கொடுத்து, அவருடைய ஒப்பத்துடன் வாங்கிய காருக்கே சுத்தமான புத்தகம் கிடைக்கும். நேர்மை இவ்விடயத்தில் இலாபமும் ஆகின்றது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நடமாடும் சேவைகளை நடத்தி, போரில் ஆவணம் இழந்தோரின் பழைய வாகனங்களுக்கு உரிமையை உறுதிசெய்யும் எளிய நடைமுறையொன்றை ஏற்படுத்தவேண்டும். திணைக்களத்தின் பழைய பதிவேடுகளில் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்க்க மனம் வேண்டும்.

விசுவமடுத் தாயிடம் நாம் இறுதியாகக் கேட்டது, "புத்தகம் இருக்கிறதா, அம்மா?" என்பதே. அவர் உள்ளே சென்று, பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த பிளாஸ்ரிக் பையை எடுத்து வந்தார். முள்ளிவாய்க்கால் வரை சென்று மெனிக் பாம் முகாமைக் கடந்து திரும்பி வந்த பை அது. அதற்குள் அவருடைய கணவரின் பெயரில், செசி இலக்கம் தெளிவாகத் தெரியும்படி, அந்தப் புத்தகம் இருந்தது.

அக்காரின் விலை இரும்பு விலையன்று என்று இப்போது அவருக்கு நாம் உறுதியாகக் கூறுவோம். கணவரின் பெயரிலிருந்து அதனை முதலில் தமது பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். அதன் பின்னர் விற்பதா, வைத்திருப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.